உட்காரத் தெரியாத சவாரிக்காரன்

சிட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குதிரைச் சவாரி செய்தவன். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் குதிரைமேல் உட்கார்ந்ததில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பந்தய மைதானத்துப் பக்கம் போய் வந்தவர்கள் மட்டும் தலையாட்டுவார்கள். பந்தயக் குதிரைமேல் இருப்பவன் எங்கே உட்காருகிறான்? அங்கவடியை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, அதில் இரண்டு பாதத்தையும் ஊன்றி, முழங்காலை மடக்கி, முதுகைக் கவிழ்த்து, பின்புறத்தை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு போகிறான். பந்தயம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்பதால் உடம்பு தாங்குகிறது. கீழே சேணம் என்று ஒன்று இருக்கும். இருக்கும், அவ்வளவுதான். ஒரு ஜோடி தடித்த செருப்பை அதனோடு தராசில் வைத்தால் செருப்புதான் கீழே இறங்கும்.

சிட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மீசை முளைக்காத வயதில் லாயத்துக்கு வேலைக்கு வந்தபோது, ஊதினால் பறந்துவிடுவான் போல இருந்தான். யாரோ ஒருத்தர் சிட்டு என்று கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. பெயர் நிலைத்த மாதிரி உடம்பு நிலைக்கவில்லை. அவன் வம்சத்தில் ஆண்கள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள். இருபது வயது தாண்டியதும் அந்த எலும்பு இவனுக்குள்ளும் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. தோள் விரிந்தது. மணிக்கட்டு தடித்தது. அன்றிலிருந்து சிட்டுவுக்கும் அவன் உடம்புக்கும் ஜென்மப் பகை.

பந்தயத்துக்கு முன்னால் சவாரிக்காரன் தன் சேணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தராசில் ஏற வேண்டும். முடித்து வந்ததும் மறுபடியும் ஏற வேண்டும். ஆளையும் சேணத்தையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள் என்பதுதான் இதில் இருக்கிற கொடுமை. சேணத்தில் கொஞ்சம் கூடினால் உடம்பில் கொஞ்சம் குறைய வேண்டும். தடித்த தோல் வைத்த சேணமா, காலையில் ரொட்டி கிடையாது. கனமான அங்கவடியா, முட்டையில் மஞ்சள் கரு கிடையாது. இப்படியே கழித்துக் கழித்து, எந்தச் சேணத்தையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இதைக் கட்டினால் ராத்திரி பட்டினியா இல்லையா என்று சொல்லிவிடுகிற நிலைக்கு வந்திருந்தான். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வார்கள். சிட்டு அதைத் தொழிலாகவே செய்தான்.

இவ்வளவும் இருந்தும் அவன் கல்யாணம் செய்துகொண்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? பேக்கரியில் மாவு பிசைகிறவளை! பார்த்தான், பிடித்தது, முடித்தான். பிறகுதான் யோசித்தான். அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் முன்னறை முழுக்கச் சுட்ட ரொட்டி வாசனை. தலைமுடியில் வாசனை, கழுத்தில் வாசனை, கைக்குட்டையில்கூட வாசனை. சிட்டு கண்ணை மூடிக்கொண்டு நன்றாக மூச்சை இழுத்துக்கொள்வான். வாசனைக்கு எடை இல்லை. அவள் கொண்டுவருகிற ரொட்டி பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவன் சாப்பிடாதவன்.

பந்தயத்தை அவன் விடவில்லை, பந்தயம்தான் அவனை விட்டது. ஒரு பருவத்தில் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். அடுத்த பருவத்தில் போன் அடிக்கவே இல்லை. ஒருத்தரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். கடைத்தெருவில் மெத்தைக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனுஷன், பேச்சை மட்டும் நிறுத்தத் தெரியாது.

"மாப்ளே, எதுக்கு மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிறீங்க? கல்லாப்பெட்டி பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன். ஒண்ணாந்தேதில இருந்து வந்து உக்காருங்க. வர்றவங்ககிட்ட, படுத்துப் பாருங்கன்னு சொன்னாப் போதும். மெத்தை தன்னால விக்கும்."

"பாக்கலாம் மச்சான்" என்றான் சிட்டு. அவர் போன பிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கம் நின்றான். நாள் முழுக்க ஒரு ஸ்டூலில். குதிரை வாசனை இல்லாமல், மூச்சுச் சத்தம் இல்லாமல், தோளில் வந்து இடிக்கிற ஒரு மூக்கு இல்லாமல். மெத்தை விற்பது கேவலம் என்று அவன் நினைக்கவில்லை. குதிரை இல்லாத இடத்தில் தான் யார் என்று அவனுக்கே தெரியவில்லை என்பதுதான் பயம்.

ஒண்ணாந்தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. ஊருக்கு வெளியே மலைச்சரிவில் ஒரு சவாரிப் பண்ணை. காலையில் அங்கே வேலி தாண்டப் பழகுகிறவர்கள் வருவார்கள். மண் கொட்டிய களத்தில் குதிரையைத் தாளம் தப்பாமல் நடக்கவிட்டு அழகு பார்க்கிறவர்கள் வருவார்கள். மற்றவர்கள் காசு கொடுத்து, சாதுவான குதிரைகள்மேல் ஏறி, மரங்களுக்குள் புகுந்து மேலே ஏரி வரைக்கும் போய் வருவார்கள். அந்தக் கூட்டத்தை முன்னால் நடத்திக்கொண்டு போக ஆள் வேண்டுமாம்.

பண்ணை முதலாளியம்மா நெட்டையான பெண்மணி. வெயிலில் காய்ந்த முகம், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும் அண்ணே. ஓட்டத்துல உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லித்தர முடியாது. ஆனா இங்க ஓட்டமே கிடையாது. காலைல ஏறினா சாயங்காலம்தான் எறங்குவோம், அதுவும் நடைதான். மொதல்ல கீழ்க்காட்டுக்கு ஒரு அரைநாள் போய்ட்டு வாங்க. அப்புறம் ஏரிக்கு ஒரு முழுநாள், அதுல நானும் பின்னாடியே வருவேன். ரெண்டும் நல்லபடியா முடிஞ்சா வேலை உங்களுக்கு."

அவனுக்குக் கொடுத்த குதிரைக்குப் பண்ணையில் பீப்பாய் என்று பெயர். பார்த்தாலே காரணம் புரியும். பரந்த முதுகு, உருண்ட வயிறு, உலகமே அவசரப்பட்டாலும் தான் படமாட்டேன் என்கிற முகம். சிட்டு வாழ்நாள் முழுக்கப் பழகியது நரம்பும் எலும்புமாகத் துடிக்கிற குதிரைகளோடு. பீப்பாய் அவன் சட்டைப்பையை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டது. சிட்டுவுக்கு அந்த நிமிஷமே அதைப் பிடித்துவிட்டது.

"சேணம் உள்ள இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்றார் முதலாளியம்மா.

சேண அறை நீளமாக இருந்தது. சுவரில் மரக்கட்டைகள் அடித்து, அவற்றின்மேல் சேணங்களை ஏற்றிவைத்திருந்தார்கள். தோலுக்குப் போடுகிற மெழுகின் வாசனை. சிட்டு வாசலில் நின்று ஒரு கணம் மலைத்துப்போனான். இத்தனை வகையா? களத்தில் அழகு நடை பழகுகிறவர்களின் சேணத்தில் ஆளைக் குழியில் இறக்கி வைத்த மாதிரி ஆழமான இருக்கை. பக்கத்துத் தோல் காலோடு காலாக நேரே கீழே தொங்கியது, காலை நீட்டிப் போட்டு உட்காருவதற்காக. வேலி தாண்டுகிறவர்களின் சேணம் தட்டையாக இருந்தது. மடக்கிய முழங்கால் முட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் பக்கத்துத் தோல் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாடு மேய்க்கிறவர்களுடையதில் முன்னால் ஒரு கொம்பு, கயிறு சுற்ற. மூலையில் ஒன்று கிடந்தது, அடியில் அகலமாக இரண்டு மெத்தை, பின்னால் பை தொங்கவிட வளையங்கள், பார்க்கவே பீப்பாய்க்கு அக்கா மாதிரி. தூர சவாரிக்காரர்களின் சேணம் அது.

சிட்டு என்ன செய்தான்? எதிலும் உட்கார்ந்து பார்க்கவில்லை. எதையும் எடுத்துப்போய்க் குதிரை முதுகில் வைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக ஒரு கையால் தூக்கினான், வைத்தான். தூக்கினான், வைத்தான். மூலையில் கிடந்ததை இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது. அவசரமாகக் கீழே வைத்துவிட்டான், சூட்டைத் தொட்டவன் போல. கடைசியில் எல்லாவற்றிலும் லேசானதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அது வேலி தாண்டுகிற சேணம்.

முதலாளியம்மா புருவத்தைத் தூக்கினார். "அது தாண்டுறவங்களுக்கு, அண்ணே. கீழ்க்காட்டுல தாண்டுறதுக்கு ஒரு வேலியும் இல்லையே."

"எனக்கு இதுதான் மேடம் கைக்குப் பழக்கம்."

"சரி, நீங்க பாக்காத குதிரையா" என்று அவர் விட்டுவிட்டார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

சேணம் பீப்பாயின் முதுகில் சரியாக உட்காரவில்லை, கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. சிட்டு அடியில் இன்னொரு கம்பளத்தை மடித்துப் போட்டான். அங்கவடியைப் பழக்கதோஷத்தில் மேலே தூக்கிக் கட்டினான். ஏறினான். ஏறியதும் உடம்பு தானாகவே பந்தயத்துக்குப் போய்விட்டது: முழங்கால் மடங்கியது, முதுகு கவிழ்ந்தது, பின்புறம் எழும்பியது. பீப்பாய் ஆடி அசைந்து நடக்க ஆரம்பித்தது.

அந்தக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு குதிரை, மாலை நேரத்தில் பூங்காவில் உலாத்துகிற பெரியவர் மாதிரி நடக்கிறது. அதன்மேல் ஒருத்தன், கடைசி வளைவில் முந்தப்போகிறவன் மாதிரி குனிந்து நிற்கிறான். காசு கொடுத்துப் பின்னால் வந்தவர்களில் ஒரு பல் டாக்டர், வாய்த்துடுக்குள்ள ஆள். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார், அப்புறம் கேட்டேவிட்டார்.

"ஏன் சார், சேணத்துல ஆணி ஏதாச்சும் நீட்டிக்கிட்டு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிட்டுவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே உட்காரப் பார்த்தான். உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கிற உயரத்தில் இருந்தது. மறுபடி எழுந்துகொண்டான். கண்மூடித் திறக்கிற நேரம் தாங்குகிற உடம்பு அரைநாள் தாங்குமா? முதலில் தொடை எரிந்தது. பிறகு முழங்கால் நடுங்கியது. திரும்பி வருகிற வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மரமாக எண்ணிக்கொண்டு வந்தான். இறங்கும்போது காலே இல்லாத மாதிரி இருந்தது. பீப்பாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அது அவன் வலியோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. சேணத்தைக் கழற்றியபோதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பீப்பாயின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. முன்னால் மட்டும் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. அங்கே வியர்க்கவே விடாமல் சேணம் அழுத்திப் பிடித்திருக்கிறது. சிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தான். பீப்பாய் முதுகைக் கீழே வளைத்து விலகியது. கடிக்கவில்லை, உதைக்கவில்லை. விலகியது, அவ்வளவுதான்.

முதலாளியம்மா வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு.

"ஒடுக்கமான சேணம் அண்ணே இது. அதுக்கு அடியில தடியாக் கம்பளத்த வேற போட்டிருக்கீங்க. கால இறுக்குற ஷூவுக்குள்ள தடி சாக்ஸ் போட்ட மாதிரி." மடித்த கம்பளத்தை உருவி எடுத்தார். "ரெண்டு மூணு நாள் ஓய்வு குடுத்தா சரியாயிடும். ஆனா இன்னொரு தடவ என் குதிரை முதுகு இப்படி ஆச்சுன்னா, வேலையப் பத்தி நாம பேச வேணாம்."

"சரிங்க மேடம்" என்றான் சிட்டு. இத்தனை வருஷத்தில் அவன் தோற்றிருக்கிறான், விழுந்திருக்கிறான், எலும்பை முறித்துக்கொண்டிருக்கிறான். தன் கையால் ஒரு குதிரைக்கு வலி வந்தது என்று யாரும் சொன்னதில்லை. வீடு வரைக்கும் அந்த விலகல்தான் கண்முன்னால் நின்றது.

வீட்டில் மனைவி கேட்டாள். "எப்படிப் போச்சுங்க?"

"போச்சு."

"போச்சுன்னா?"

"குதிரை நல்ல குதிரை" என்றான். அவள் அவன் நடக்கிற நடையைப் பார்த்தாள், வெந்நீர் வைத்தாள், வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டுப் படுத்தான். மெத்தைக் கடை ஸ்டூல் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

பீப்பாய்க்கு முதுகு சரியாகிவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள். ஏரிச் சவாரிக்கு முதல் நாள் மத்தியானம் சிட்டு பண்ணைக்குப் போனான். முதலில் பீப்பாயிடம் போய் முதுகைத் தடவிப் பார்த்தான். இந்த முறை அது விலகவில்லை. அதிலேயே பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகு சேண அறைக்குள் போய், மறுபடியும் முதல் கட்டையிலிருந்து ஆரம்பித்தான். தூக்கினான், வைத்தான். தூக்கினான், வைத்தான்.

முதலாளியம்மா ஒரு கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"கேக்கணும்னு நெனச்சேன். எதுக்கு ஒவ்வொண்ணையும் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க? பூசணிக்காய் வாங்குற மாதிரி?"

"கனம் பாக்குறேன் மேடம்."

"கனமா இருந்தா என்ன? சொமக்கப்போறது பீப்பாய். அகலமாப் பரவி உக்காந்துச்சுன்னா கனம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஒரே எடத்துல குத்தக்கூடாது, அதான்."

"இல்ல மேடம், நிறுக்கும்போது…" என்று ஆரம்பித்தான்.

"யாரு நிறுக்கும்போது?"

சிட்டு கையில் ஒரு சேணத்தைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றான். யாரு? தராசு எங்கே? அதன் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிற ஆள் எங்கே? பந்தயம் அவனை விட்டு எவ்வளவு நாளாகிறது! அவனை நிறுக்க இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை. இதை அவனிடம் யாரும் மறைக்கவில்லை. கை மட்டும் இன்னும் தெரிந்துகொள்ளாமல் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் கையின் பேச்சைக் கேட்டுத்தான் ஒரு வாயில்லா ஜீவனின் முதுகைப் புண்ணாக்கப் பார்த்தான். சிட்டுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அங்கே கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன அண்ணே, தண்ணி வேணுமா?" என்று பதறினார் முதலாளியம்மா.

"ஒண்ணுமில்ல மேடம். யாருமில்ல. நிறுக்க யாருமே இல்ல." சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான். அவர் பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் மண்டையில் எங்கேயோ கொஞ்சம் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவன் வேலை செய்த விதமே வேறு. பீப்பாயை வெளியே கொண்டுவந்து சமதரையில் நிறுத்தினான். கம்பளம் எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் ஒவ்வொரு சேணமாக வைத்துப் பார்த்தான். தோள் எலும்புக்குப் பின்னால் வைத்து, உள்ளங்கையை அடியில் நுழைத்து முன்னாலிருந்து பின்னால் வரை ஓட்டினான்; எங்காவது கை நசுங்குகிறதா, எங்காவது ஒட்டாமல் பள்ளம் விடுகிறதா என்று. பின்னால் போய்க் குனிந்து, முதுகெலும்புக்கு மேலே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தான். அழகு நடைச் சேணம் ஒன்று முதுகில் நன்றாகவே பொருந்தியது, ஆனால் அதன் ஆழத்தில் நாள் முழுக்க ஒரே மாதிரிதான் உட்கார முடியும். மேட்டில் ஏறும்போது முன்னால் சாயவும் இறக்கத்தில் கொஞ்சம் நகர்ந்துகொள்ளவும் இடம் இல்லை. கொம்பு வைத்தது பீப்பாய்க்கு நீளம் அதிகம், பின்னால் இடுப்பில் போய் இடித்தது. கடைசியில் மூலையில் கிடந்ததை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். அது பீப்பாயின் முதுகில் அமர்ந்ததும், எங்கும் தூக்காமல், எங்கும் இடிக்காமல், சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி படிந்துகொண்டது. பீப்பாய் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. அறையில் இருந்ததிலேயே கனமான சேணம் அதுதான்.

அங்கவடி வாரை இறக்க வேண்டியிருந்தது. ஒரு துளை இறக்கினான். போதாது. இன்னொன்று. இன்னும் ஒன்று. ஏறி உட்கார்ந்தபோது கால்கள் கீழே தொங்குவது கூச்சமாக இருந்தது, பலர் முன்னிலையில் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி. உடம்பு எழும்பப் பார்த்தது. "உக்காருடா" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். உட்கார்ந்தான்.

பீப்பாய் நடந்தது. முதலில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வலது இடுப்பு கொஞ்சம் எழும்பியது, தாழ்ந்தது. இடது இடுப்பு எழும்பியது, தாழ்ந்தது. குதிரையின் பின்னங்கால் ஒவ்வொன்றும் எப்போது தரையை விடுகிறது, எப்போது ஊன்றுகிறது என்று அவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. இத்தனை வருஷம் இத்தனை குதிரைகளோடு இருந்தவன், குதிரை நடப்பதை இப்படி உணர்ந்ததே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. களத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தான், போதும் என்று முதலாளியம்மா கை காட்டும் வரைக்கும்.

மறுநாள் ஏரிக்குப் போனார்கள். பல் டாக்டர் மறுபடியும் வந்திருந்தார்.

"அட, இன்னைக்கு உக்காந்துட்டீங்களே சார்!"

"ஆணியப் புடுங்கிட்டேன் டாக்டர். உங்க வேலைதான்" என்றான் சிட்டு. டாக்டர் அதைச் சொல்லிச் சொல்லிப் பாதி வழி சிரித்துக்கொண்டு வந்தார்.

சிட்டுவின் வாய் மட்டும்தான் சிரித்தது. வரிசையின் கடைசியில் முதலாளியம்மா வருகிறார். அவர் பார்ப்பதைவிட பீப்பாய் என்ன சொல்லப்போகிறது என்பதுதான் கவலை. மேடு வந்தால் முன்னால் சாய்ந்து முதுகுக்கு இடம் கொடுத்தான். இறக்கத்தில் இறங்கி நடந்தான். நிற்கிற இடத்தில் எல்லாம் சேணத்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தான். பீப்பாய் காதை முன்னால் நீட்டிக்கொண்டு, வழியோரப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு, தன்பாட்டுக்கு வந்தது.

ஏரிக்கரையில் எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சிட்டு வழக்கம்போல் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் ஒதுங்கினான். டாக்டர் விடவில்லை, வேகவைத்த முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் அவன் கையில் திணித்தார். சிட்டு அதை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் ஏரியைப் பார்த்தான். பிறகு ஒரு கடி கடித்தான். யாரும் ஓடி வந்து பிடுங்கவில்லை. முட்டையை மஞ்சள் கருவோடு சேர்த்து முழுசாகத் தின்றான். இன்னொன்று இருக்கிறதா என்று அவனாகவே கேட்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் பண்ணைக்குத் திரும்பினார்கள். விருந்தாளிகள் இறங்கி, முனகி, சிரித்து, கிளம்பினார்கள். சிட்டு பீப்பாயைக் கட்டிவிட்டு, சேணத்தின் வாரை அவிழ்த்தான். முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்றார். சிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு சேணத்தைத் தூக்கினான்.

வியர்வை ஒரே சீராக இருந்தது. முன்னால் இருந்து பின்னால் வரைக்கும், இரண்டு பக்கமும், ஒரு விரல் அகலம்கூடக் காய்ந்த இடம் இல்லை. முதலாளியம்மா முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே போனார். பீப்பாய் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. வளையவில்லை, விலகவில்லை, காதுகூடத் திருப்பவில்லை.

"திங்கக்கிழமை காலைல வந்துடுங்க அண்ணே" என்றார் அவர். "அந்தச் சேணம் இனிமே உங்களுது. வேற யாரும் எடுக்க வேணாம்னு சொல்லிடுறேன்."

சிட்டுவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து, பீப்பாயின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். முதலாளியம்மா நல்லவர், வேறு பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "என்னங்க ஆச்சு?"

"கெடச்சிருச்சு."

"நெசமாவா?"

"திங்கக்கிழமைல இருந்து. மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லணும், அந்த ஸ்டூல்ல வேற யாரையாச்சும் உக்கார வைக்கச் சொல்லி."

"அப்பாடா" என்றாள் அவள். முந்தின நாட்களில் கேட்காமல் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்தது. "அண்ணனுக்கும் நிம்மதிதான். உங்கள எப்படிச் சமாளிக்கப்போறோம்னு அதுவே பயந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

கை கால் கழுவிவிட்டு வந்தவன், மேசை முன்னால் உட்கார்ந்தான். "பசிக்குது" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தையை அந்த வீட்டில் அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. உள்ளே போய், தட்டில் ரொட்டியும், கிண்ணத்தில் சூடாகக் கிழங்குக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"நீ சாப்பிடல?"

"நீங்க சாப்பிடுங்க. நான் உள்ள சாப்பிட்டுக்கிறேன்."

"உள்ள எங்க?"

"அடுப்பு மேடைப் பக்கம்தான். எப்பவும் அங்கதானே."

சிட்டு கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டான். யோசித்துப் பார்த்தான். இவள் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வேளைகூட. சமையலறையில் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது.

"நின்னுக்கிட்டா சாப்பிடுவ?"

"பின்ன? பட்டினியா இருக்கிற மனுஷன் முன்னாடி உக்காந்து எப்படிங்க சாப்பிடுறது?" அவள் அதை ஒரு பெரிய விஷயமாகவே சொல்லவில்லை. "நீங்க அந்தப் பக்கம் இருக்கும்போது, கதவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நாலு வாய் போட்டுக்குவேன். ரொட்டியா இருந்தா குழம்புல ஊற வச்சுக்குவேன், கடிக்கிற சத்தம் கேக்காது பாருங்க."

தராசில் ஏறி நின்றது தான் ஒருத்தன் மட்டும்தான் என்று இத்தனை நாள் சிட்டு நினைத்துக்கொண்டிருந்தான். எழுந்து போய், சுவரோரம் துணி குவித்துக் கிடந்த இன்னொரு நாற்காலியைக் காலி செய்து, இழுத்துவந்து தன் எதிரே போட்டான். உள்ளே போய் அவனே ஒரு தட்டை எடுத்து வந்தான்.

"உக்காரு."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பாதி எழுந்திருக்கிற மாதிரிதான் உட்கார்ந்தாள், யாராவது கூப்பிட்டால் ஓட வேண்டும் என்பது போல. எங்கே பார்த்துச் சாப்பிடுவது என்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா உள்ள தள்ளி உக்காரும்மா" என்றான் சிட்டு. "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல பழகிரும்."

அவள் தள்ளி உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்தாள். அவனும் பிய்த்துக் குழம்பில் தொட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினான்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் சமையலைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை அது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே உப்பு ஜாடியை அவன் பக்கம் தள்ளினாள், பிறகு தன் ரொட்டியைச் சத்தமாகக் கடித்தாள்.